பதினொரு வோல்ட்

காலை பத்து ஐம்பதுக்கு மழை நின்றது.

தையல்காரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். ஷெட்டுக் கொடியில் இன்னும் நான்கு திரைச்சீலைகள் கிடந்தன. வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன் படியோரம் கிடந்த நீல ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டாள். மூன்று நாட்களாக இப்படித்தான். அதற்கு முன் அவள் கொல்லைப்புறத்தில் செருப்புப் போட்டு நடந்ததில்லை. கடையிலும் வெறுங்கால்தான். செருப்போடு மிதித்தால் தையல் எங்கே ஓடுகிறது என்று காலுக்குத் தெரியாது என்பாள்.

வண்டி வீட்டின் பின்பக்கம், ஷெட்டை ஒட்டி நின்றது. முன்பு பள்ளிக்கூடப் பேருந்து. இருபத்தாறு இருக்கை. இப்போது இரண்டு. மீதி இடத்தில் ஒரு கட்டில், ஒரு சமையல் மேடை, முழங்கால் உயரத்தில் ஒரு குளிர்பெட்டி, கழிப்பறை என்று சொல்லிக்கொள்ளும் ஓர் அலமாரி. வெளியே வெள்ளை அடித்திருந்தார்கள். கதவைத் திறந்தால் விளிம்பில் பழைய மஞ்சள் தெரியும். படியருகே கைப்பிடிக் கம்பி தாழ்வாக இருந்தது. சின்னப் பிள்ளைகள் பிடித்து ஏற வைத்தது. அதை மாற்ற வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். திரைச்சீலையை உதறி மாட்ட வசதியாக இருந்தது.

"அக்கா! பதினேழு ஸ்பேனர்!"

குரல் வண்டிக்கு அடியிலிருந்து வந்தது. அவளுடைய தம்பி. ஒன்பது வருஷம் இதே பேருந்தை ஓட்டியவன். பள்ளிக்கூடம் இதைக் கழித்துவிடப் போகிறது என்று அக்காவுக்குச் சேதி சொன்னவனும் அவன்தான். அவன் பேசினால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். அவனை எல்லோரும் ஹாரன் என்றே கூப்பிட்டார்கள்.

"பதினேழு எதுன்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

"மேல எழுதியிருக்கும்."

"எழுதினது எல்லாம் உன் கிரீஸுக்கு அடியில இருக்கு."

வண்டிக்குள்ளிருந்து அவள் கணவன் கேட்டான். "கட்டில் விளக்குன்னு எழுதவா, படுக்கை விளக்குன்னு எழுதவா?"

அவன் வயர்மேன். இருபத்தாறு வருஷமாக வீடுகளுக்கு மின்கம்பி இழுக்கிறவன். காலையிலிருந்து சுவிட்சுகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"நாம ரெண்டு பேர்தான் இருக்கப் போறோம். யாருக்கு எழுதுறீங்க?"

"ராத்திரி தடவும்போது தெரிய வேணாமா?"

"இருட்டுல எழுத்து எப்படித் தெரியும் மச்சான்?" என்றது வண்டியின் அடிவயிறு.

உள்ளே ஒட்டிய தாளை உரிக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் கிளம்புவதாக ஏற்பாடு. நாற்பது நாள். முதல் நாள் ஆற்றங்கரையில் இம்மாதிரி வண்டிகள் நிறுத்தும் இடம். இடத்துக்கு ஒரு கம்பம், கம்பத்துக்கு ஒரு பிளக், ஒரு குழாய். அதற்குப் பிறகு எங்கே என்று இன்னும் முடிவாகவில்லை. அவளுக்கு அது முக்கியமும் இல்லை. யாருடைய இடுப்பையும் தோளையும் அளக்காமல் நாற்பது நாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

இதற்கு முன் மூன்று தடவை இதே ஏற்பாடு தள்ளிப்போனது. முதல் தடவை கணவனுக்கு ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் வேலை வந்தது. இரண்டாம் தடவை கூரை ஜன்னலின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்தது. மூன்றாம் தடவை குளிர்பெட்டிக்குப் போகும் கம்பி இன்னும் தடிமனாக இருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம்தான் என்றான். ஒவ்வொரு வாரமும் இரண்டு மாதம் ஆயிற்று.

கடைக்கு அவள் ஓர் அறிவிப்பு தைத்து வைத்திருந்தாள். கருநீலத் துணியில் வெள்ளை நூல். 'நாற்பது நாள் கடை இல்லை. அதற்குள் உடம்பு பெருத்தால் நான் பொறுப்பில்லை.' மூன்று தடவை கதவில் மாட்டினாள். மூன்று தடவை எடுத்து மடித்தாள். பக்கத்துக் கடை ரொட்டிக்காரர் கேட்டார். "இது போர்டா, கைக்குட்டையாம்மா? அடிக்கடி மடிக்கிறியே."

நான்கு நாட்களுக்கு முன்னால் அவள் திரைச்சீலைகளை அலசிவிட்டு ஈரக்கையோடும் வெறுங்காலோடும் வந்து படியருகில் இருந்த அந்தக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தாள். ஆள்காட்டி விரலில் எறும்பு கடித்த மாதிரி இருந்தது. ஊசி குத்திக் குத்திப் புள்ளி விழுந்த விரல். விட்டுவிட்டு மறுபடி பிடித்தாள். கடித்தது. வண்டிக்குள் ஏறிவிட்டால் எதைத் தொட்டாலும் ஒன்றுமில்லை. இறங்கி நின்று தொட்டால் கடித்தது. இஸ்திரிப் பெட்டி போட்டிருந்தால் கடித்தது. அணைத்தால் விட்டது.

அவள் கணவனிடம் சொல்லவில்லை. மறுநாள் தம்பியிடம் மட்டும் சொன்னாள். அவன் பூட்ஸ் காலோடு நின்று கம்பியைப் பிடித்து இரண்டு முறை குலுக்கினான். "ஒண்ணுமில்லையேக்கா. உனக்கு வயசாகுது" என்றான். அன்று மாலையே அவள் இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினாள். ஒன்று அவளுக்கு. இன்னொன்றைப் படியருகில் வைத்தாள்.

"யாருக்கு இது?" என்றான் கணவன்.

"யாராவது வந்தா."

"வண்டிக்குள்ள செருப்போடயா?"

"சேறு" என்றாள்.

அவள் கொடியிலிருந்து திரைச்சீலைகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள். அப்போது பட்டாணியைப் பார்த்தாள். தம்பியின் கடைசி மகள். நான்கு வயசு. அம்மாவுக்குக் காலை வேலை என்பதால் அப்பாவோடு வந்திருந்தாள். வந்ததும் செருப்பை உதறியாகிவிட்டது. மழைத்தண்ணீர் தேங்கிய இடமாகத் தேடித் தேடிக் குதித்துக்கொண்டு வந்தவள், வண்டிப் படிக்கு முன்னால் நின்றாள். தாழ்வான கம்பி அவள் உயரத்துக்கே செய்தது போல இருந்தது. கையை நீட்டினாள்.

"தொடாதே!"

தையல்காரியின் குரல் அப்படி எழும்பி யாரும் கேட்டதில்லை. திரைச்சீலைகள் சேற்றில் விழுந்தன. அவள் ஓடிவந்து குழந்தையை இடுப்போடு வாரித் தூக்கினாள். வண்டிக்கு அடியில் எதிலோ தலை மோதும் சத்தம் கேட்டது. பட்டாணி ஒரு கணம் யோசித்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

கணவன் கதவுக்கு வந்தான். "என்ன?"

"சேறு" என்றாள். "காலெல்லாம் சேறு."

"சேத்துக்கா இப்படிக் கத்தினே?"

அவள் குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டினாள். சேற்றில் கிடந்த திரைச்சீலைகளைப் பார்த்தாள். ஹாரன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்து அக்காவைப் பார்த்தான். பிறகு கைப்பிடிக் கம்பியைப் பார்த்தான்.

"கம்பி கடிக்குது" என்றாள்.

"எந்தக் கம்பி?"

"இது. நாலு நாளா."

வயர்மேன் இறங்கி வந்தான். கம்பியைப் பிடித்தான். பாக்கெட்டிலிருந்து டெஸ்டரை எடுத்து முனையை வைத்தான். டெஸ்டரின் விளக்கு எரியவில்லை.

"ஒண்ணுமில்லையே."

"எனக்கு இருக்கு."

"டெஸ்டர் எரியலை பாரு."

"அதுவும் உங்கள மாதிரி பூட்ஸ் போட்டிருக்கோ என்னவோ."

அவன் தன் கால்களைப் பார்த்தான். கனத்த ரப்பர் அடி. இருபத்தாறு வருஷத்தில் வேலை நேரத்தில் அவன் அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. படியில் உட்கார்ந்து கழற்றினான். காலுறையையும் உருவினான்.

"மச்சான், இந்தக் காலை இத்தனை வருஷமா பீரோவுலயா வச்சிருந்தீங்க?" என்றான் ஹாரன்.

வயர்மேன் தேங்கிய தண்ணீரில் நின்று உள்ளங்கையால் கம்பியைப் பிடித்தான். மின்கம்பி இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை. வெந்நீர் பட்டால்கூட அந்தக் கைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் சேதி போகும்.

"ஒண்ணும் தெரியலை."

"இஸ்திரிப் பெட்டி சூடாகுற நேரம் பார்த்துத் தொடணும்" என்றாள். "அதுல சிவப்பு விளக்கு எரியும்போது கடிக்கும். அணைஞ்சா விட்டுடும்."

அவன் திரும்பினான்.

"என்ன சொன்னே?"

அவள் மறுபடி சொன்னாள். அவன் முகத்தில் அதுவரை இருந்த அலட்சியம் போய்விட்டது. ஷெட்டுக்குள் போய் வோல்ட் மீட்டரை எடுத்து வந்தான். நீளமான திருப்புளி ஒன்றை ஈரமண்ணில் பிடிவரை குத்தினான். மீட்டரின் ஒரு முனையைத் திருப்புளியில் வைத்தான். மற்றதைக் கம்பியில் வைத்தான்.

"நீ செருப்போட உள்ள ஏறிக்க. எதையும் தொடாதே. விளக்கை மட்டும் பார்த்துச் சொல்லு."

அவள் குழந்தையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஏறினாள்.

"எரியுது."

"பதினொண்ணு" என்றான்.

"அணைஞ்சிடுச்சு."

"ஒண்ணுகூட இல்லை."

"எரியுது."

"பதினொண்ணு."

ஆறு தடவை பார்த்தான். ஆறு தடவையும் அவள் சொன்னபடியே வந்தது.

"பதினொண்ணுதானே மச்சான்?" என்றான் ஹாரன். "வண்டி பாட்டரியே பன்னிரண்டு."

"பதினொண்ணு பெருசில்லை. அது எந்த வழியா வருதுங்கறதுதான் பெருசு." வயர்மேன் எழுந்துபோய் வண்டியின் பிளக்கைப் பிடுங்கினான். திரும்பி வந்து வெறுங்காலோடு படியில் உட்கார்ந்தான். "நான் சேர்த்து வச்சதுதான். என் கையால."

மின்சாரம் ஒரு கம்பியில் வரும், இன்னொன்றில் திரும்பிப் போகும். திரும்பிப் போகும் கம்பிதான் நியூட்ரல். அந்த நியூட்ரலையும் வண்டியின் இரும்பு உடம்பையும் சுவிட்சுப் பெட்டிக்குள் ஓரிடத்தில் அவன் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்திருந்தான். காரணமில்லாமல் இல்லை. காட்டிலோ மேட்டிலோ வண்டி நிற்கும், தன் பாட்டரியிலிருந்து தானே மின்சாரம் செய்துகொள்ளும். அப்போது அந்த முடிச்சு இருந்தால்தான் கோளாறு வரும்போது டிரிப் சுவிட்ச் விழுந்து மின்சாரத்தை அறுக்கும். ஆனால் வெளியே பிளக்கில் சொருகி மின்சாரம் வாங்கும்போது அந்த முடிச்சு இருக்கக் கூடாது. வீட்டில் ஒரு முறை போட்ட முடிச்சை யாரும் அவிழ்ப்பதில்லை. அவன் வீட்டு முடிச்சாகவே போட்டிருந்தான்.

"இங்க பிளக் நேரா இருக்கு. அதனால பதினொண்ணோட போச்சு" என்றான். "நாளைக்கு ஆத்தங்கரையில எவனோ போட்ட பிளக்ல சொருகுவோம். அவன் ரெண்டு கம்பியையும் இடம் மாத்திப் போட்டிருந்தா?"

"போட்டிருந்தா?"

"இருநூத்து முப்பது. இந்தக் கம்பி, கதவு, படி, பம்பர். வண்டி முழுக்க."

"டிரிப் சுவிட்ச் விழாதா?"

"அதுக்கு முன்னாடியே கரண்ட் ஒதுங்கிப் போயிடும். அதுக்குச் சேதியே தெரியாது."

"உள்ள இருக்கிற நமக்கு?" என்றாள் தையல்காரி, கதவில் நின்றபடி.

"ஒண்ணும் ஆகாது. டயர் ரப்பர். கம்பியில குருவி உக்காந்த மாதிரி உக்காந்திருப்போம். விளக்கு எரியும், டீ கொதிக்கும், நல்லாத்தான் இருக்கும். கீழ நின்னு கையை வைக்கிறவங்களுக்குத்தான்."

பட்டாணி அழுகையை மறந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அவள் பாதத்திலிருந்து அப்பாவின் சட்டையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சரி மச்சான், எர்த்னு ஒண்ணு இருக்குமே" என்றான் ஹாரன். "அது எதுக்கு இருக்கு? இப்படி ஆனா ப்யூஸ் போகணுமில்ல?"

"போகணும்."

மூவரும் பிளக்கிலிருந்து கம்பியைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். கம்பி ஷெட்டுச் சுவரில் ஏறி, மாமரக் கிளையில் ஒரு சுற்றுச் சுற்றி, சமையலறை ஜன்னலுக்குள் நுழைந்தது. இரண்டு கம்பிதான் இருந்தது. மூன்றாவதான எர்த் இல்லை. நடுவில் ஓரிடத்தில் ஒட்டுநாடா சுற்றிய இணைப்பு கறுத்திருந்தது. இஸ்திரிப் பெட்டி சூடாகும்போது திரும்பிப் போகிற மின்சாரம் அங்கே திணறித்தான் அந்தப் பதினொன்று கைப்பிடிக்கு வந்திருக்கிறது.

தையல்காரிக்கு நினைவு வந்தது. "என் மோட்டார் மெஷினுக்குப் போட்டது இது. சீருடை ஆர்டர் வந்தப்ப. ரெண்டு நாளைக்குன்னு சொன்னீங்க."

"ஆமா."

"பதினோரு வருஷம் ஆச்சு."

"ஆமா."

"வருஷத்துக்கு ஒரு வோல்ட்" என்றான் ஹாரன்.

வயர்மேனுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் நிற்கவில்லை. அவன் கறுத்த இணைப்பைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். "எல்லாத்தையும் பிரிச்சுப் பார்க்கணும்" என்றான். "பெட்டி, பின்னாடி ஓடுற கம்பி, எல்லாம். ஒரு வாரம் ஆகும்."

அவள் சேற்றில் கிடந்த திரைச்சீலைகளைப் பொறுக்கி வாளியில் போட்டாள். குழந்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

ஹாரன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து கிரீஸ் துடைத்தான். வழக்கத்துக்கு மாறாக மெதுவாகப் பேசினான்.

"வரும்போது கடைப் பக்கமாத்தான் வந்தேன் மச்சான். கடை இல்லைங்கற துணி மாட்டியாச்சு."

"எப்ப?"

"காலையிலேயே. ரொட்டிக்காரர் பார்த்துட்டு, இந்தத் தடவை எத்தனை மணி நேரத்துக்குன்னு கேட்டாராம். அக்கா நாலு மூலையிலயும் தைச்சே மாட்டியிருக்கு. கதவுல இருக்கற கம்பி வலையோட சேர்த்து. எடுக்கணும்னா கிழிச்சுத்தான் எடுக்கணும்."

வயர்மேன் மீட்டரை உறையில் போட்டான். மறுபடி எடுத்தான். மறுபடி போட்டான்.

சமையலறையில் அவள் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தாள். சோறு வடித்தாயிற்று. நாலு முட்டை இன்னொரு பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. பட்டாணி மேஜைக்கு அடியில் பட்டன் டப்பாவைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நிறம் பிரித்தாள். வயர்மேன் வாசலிலேயே நின்றான். அவன் காலில் இன்னும் சேறு இருந்தது.

"ஏன் சொல்லலை?" என்றான்.

"இதுக்குத்தான். ஒரு வாரம்."

அவள் கிழங்கைப் புரட்டிப் போட்டாள். உப்பு எட்டவில்லை. அவன் எடுத்துக் கொடுத்தான்.

"செருப்புப் போட்டுக்கிட்டா போதும்னு நினைச்சேன்" என்றாள். "நமக்குள்ள ஒரு எறும்புக்கடி. பொறுத்துக்கலாம்னு. இவளை நினைக்கலை. ஆத்தங்கரையில எத்தனை குழந்தைங்க வரும்னு நினைக்கலை. தப்புதான்."

"தப்பு உன்னுது இல்லை. டெஸ்டரைக் காட்டி இல்லைன்னு சொன்னவன் நான்."

"அது இன்னிக்கு."

"நாலு நாளுக்கு முன்னாடி சொல்லியிருந்தாலும் அதையேதான் காட்டியிருப்பேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அடுப்பைக் குறைத்தாள்.

"அந்த முடிச்சை எடுத்துட்டா என்ன?"

"எடுத்துட்டா வெளியில வாங்கும்போது சரி. பாட்டரியில ஓடும்போது டிரிப் சுவிட்ச் விழாது. இருக்கணும், இருக்கவும் கூடாது."

"தைச்சா அப்படித்தான். பட்டன் வச்சிருக்கணும். போட்டுக்கலாம், அவிழ்த்துக்கலாம்."

"சுவிட்ச் வைக்கலாம். ஒரு நாள் மறந்துட்டா?"

"மறப்பீங்க. சட்டைப் பட்டனையே மாத்திப் போடுற ஆளு நீங்க."

"அதான். கையே வைக்காம தானா அவிழணும். வெளியிலிருந்து கரண்ட் வந்ததும் அவிழணும், போனதும் சேரணும்."

மேஜைக்கு அடியிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தது. பட்டாணி ஒரு காந்தப் பட்டனை ஒட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். கைப்பைகளுக்கு வைக்கிற பட்டன். தையல்காரி கரண்டியால் அந்தப் பக்கம் காட்டினாள்.

"அந்த மாதிரி ஒண்ணு நீங்க சாமான் வாங்குற கடையில விக்கிறதில்லையா?"

"விக்குது. அது பேரு ரிலே. கரண்ட் வந்தா காந்தம் இழுக்கும்." அவன் கொஞ்சம் யோசித்தான். "விலைக்கு வாங்கவே வேணாம். ஆஸ்பத்திரி வேலையில மிஞ்சினது ஒண்ணு பெட்டியில கிடக்கு."

"அந்த ஆஸ்பத்திரியால ஒரு பிரயோஜனமாவது இருக்கே."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை, ஆனால் முட்டையை உரித்து அவன் கையில் ஒன்றைக் கொடுத்தாள்.

"அப்ப ஒரு வாரம் ஆகுமா?"

"சாப்பிட்டுப் பார்ப்போம்" என்றான்.

ஒன்றே காலுக்கு ஆரம்பித்தார்கள். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. வயர்மேன் முதலில் பதினோரு வருஷக் கம்பியை வெட்டினான். மாமரக் கிளையில் அது சுற்றியிருந்த இடத்தில் பட்டை அதைச் சேர்த்து வளர்ந்திருந்தது. அந்தத் துண்டை மட்டும் மரத்துக்கே விட்டுவிட்டார்கள். புதிதாக மூன்று கம்பி உள்ள கேபிளை வீட்டின் மெயின் பெட்டியிலிருந்தே இழுத்தான். அவன் ஏணியில் நின்று இழுக்க, அவள் ஜன்னலருகில் நின்று சுருளை விட்டாள். நூல்கண்டை விடுகிற கை. எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்று அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"விடு."

"விட்டாச்சு."

"இன்னும் விடு."

"நீங்க இழுக்கலை. இழுத்தா வரும்."

ஷெட்டோரம் ஹாரன் எர்த் கம்பியை மண்ணில் அடித்தான். ஓர் ஆள் உயரச் செம்புக் கம்பி. பெரிய சுத்தியல். ஈரமண் முதல் மூன்றடிக்கு வெண்ணெய் மாதிரி இடம் கொடுத்தது. பிறகு கல் வந்தது. ஒவ்வோர் அடிக்கும் அவன் ஒரு பழைய தலைமை ஆசிரியரின் பட்டப்பெயரைச் சொன்னான். பட்டாணி டப்பாவில் தண்ணீர் கொண்டுவந்து குழியில் ஊற்றினாள். பாதி அப்பாவின் காலில் ஊற்றினாள்.

"ஊருக்கெல்லாம் எர்த் போட்ட மனுஷன் வீட்டுல நான் வந்து எர்த் அடிக்கிறேன்" என்று மூன்று வீடு கேட்கச் சொன்னான் ஹாரன்.

"மெதுவாடா" என்றாள் அக்கா.

"தெரியட்டும். நாளைப்பின்ன இவர் கூலி கேக்கும்போது பேரம் பேச உதவும்."

வயர்மேன் வண்டிக்குள் சுவிட்சுப் பெட்டியைத் திறந்தான். துண்டுக் கம்பி இருந்தது. விரல் நீளம்கூட இல்லை. பச்சை மஞ்சள் கோடு. நன்றாக முறுக்கி, நன்றாக இறுக்கிய வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை வெட்டி எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். பிறகு பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அந்த இடத்தில் ரிலேயைத் திருகினான். இரண்டு மணி நேரம் குனிந்தே இருந்தான். இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் தேநீர் கொண்டுவந்தாள். டார்ச் பிடித்தாள். ஒரு முறை அவன் கை திருகாணியைத் தவறவிட்டது. அவள் முட்டிபோட்டு, ஊசி தேடுகிற மாதிரி உள்ளங்கையால் தரையைத் தடவி எடுத்துக் கொடுத்தாள்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கும் வைத்தான். எந்த ஊரில் சொருகினாலும், பிளக்கில் கம்பி இடம் மாறியிருந்தால் அது எரியும். அதற்குக் கீழே ஒட்ட ஒரு தாள் எடுத்தான்.

"என்ன எழுத?"

"எரிஞ்சா இறங்காதேன்னு எழுதுங்க" என்றாள்.

அதையே எழுதினான்.

ஐந்தரைக்கு முடிந்தது. வேலை முடிந்ததும் அவன் வேண்டுமென்றே ஒரு கெட்ட கேபிள் செய்தான். இரண்டு கம்பியையும் இடம் மாற்றிப் போட்ட கேபிள். எல்லோரையும் பத்தடி தள்ளி நிறுத்திவிட்டு அதைச் சொருகினான். ரிலே டக் என்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. திருப்புளியிலும் கம்பியிலும் மீட்டரை வைத்தான். பூஜ்யம். இஸ்திரிப் பெட்டியைப் போட்டுப் பார்த்தான். பூஜ்யம். குளிர்பெட்டி, பம்பு, விளக்குகள் எல்லாம் போட்டுப் பார்த்தான். பூஜ்யம். பிடுங்கிவிட்டுப் பாட்டரியில் ஓட்டிப் பார்த்தான். ரிலே மறுபடி டக் என்றது. டிரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினான், விழுந்தது. மீட்டர் முனைகளால் ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுக்கொண்டு போனான். கெட்ட கேபிளை உடனே இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான். பிறகு தாடையைத் தேய்த்தான். "ஆனா ரெண்டு நாள் ஓட விட்டுப் பார்த்தா…"

ஹாரன் இருமினான். தையல்காரி வாளியிலிருந்து அலசிய திரைச்சீலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்து முடித்து, உதறி, கொடியில் போட்டாள். பிறகு நீல ரப்பர் செருப்பைக் கழற்றிப் படியோரம் வைத்தாள்.

"என்ன பண்றே?"

"உங்க மீட்டர் பார்த்தாச்சு. என் மீட்டர் பார்க்க வேணாமா?"

"இரு. நான் முதல்ல." அவன் நல்ல கேபிளைச் சொருகினான். இஸ்திரிப் பெட்டியைப் போட்டான். வெறுங்காலோடு தண்ணீரில் நின்று, கையை நனைத்து, கம்பியை முழுக்கையாலும் பிடித்தான். விட்டான். மறுபடி பிடித்தான். "ஒண்ணுமில்லை."

"உங்களுக்குக் காலையிலயும் ஒண்ணுமில்லை."

அது உண்மை. அவன் விலகி நின்றான்.

அவள் தேங்கிய தண்ணீரில் காலை வைத்தாள். மாலைக் காற்றில் தண்ணீர் குளிர்ந்திருந்தது. வாளியில் கையை முக்கி எடுத்தாள். ஆள்காட்டி விரல் நுனியை, ஊசிப் புள்ளிகள் உள்ள இடத்தை, கம்பியில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"பட்டாணி, உள்ள ஜன்னல் வழியா பாரு" என்றான் வயர்மேன். குழந்தையைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தான் அவள் அப்பா. "இஸ்திரிப் பெட்டியில விளக்கு எரியுதா?"

"சிவப்பு எரியுது மாமா!"

"எரியுது" என்றான் வயர்மேன் மனைவியிடம். "இருக்கா?"

அவள் விரலை எடுக்காமல் நின்றாள்.

"சொல்லு. இருக்கா, இல்லையா?"

"அக்கா, சொல்லித் தொலை. மச்சானுக்கு வேர்க்குது."

விரல் நுனி இரும்பில் இருந்தது. இரும்பு குளிர்ந்திருந்தது. மழை ஈரம் இருந்தது. வேறு எதுவும் இல்லை. அவள் மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்கி, கம்பியை முழுசாகப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் திறந்து கணவனைப் பார்த்தாள்.

"முதல்ல நீங்க சொல்லுங்க. காலையில கிளம்புறது ஆறு மணிக்கா, ஆறரைக்கா?"